ஏழாம் நம்பர் வீட்டுப் பெட்டி

யுஎஸ்பி ஒயரில் இரண்டு வகை உண்டு. ஒன்று சார்ஜ் மட்டும் ஏற்றும். இன்னொன்று தகவலையும் கடத்தும். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இந்த வேலைக்கு வந்த புதிதில் தப்பான ஒயரோடு ஒரு முழுப் பகலை வீணடித்திருக்கிறேன். சர்க்யூட் போர்டில் விளக்கு எரியும். லேப்டாப் மட்டும் அப்படி ஒரு பொருளே செருகப்படவில்லை என்று சாதிக்கும். அதனால்தான் இன்ஸ்பெக்டர் மேடம், இந்தப் பையில் பெட்டியோடு என்னுடைய ஒயரையும் வைத்திருக்கிறேன். நீங்கள் யாரையாவது வைத்துச் சரிபார்க்கும்போது அவருக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

என் பெயர் வெற்றிவேல். வயது முப்பத்தேழு. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. சொந்த ஊர் கணியம்பாடி. அங்கே எனக்கு இருப்பது பூட்டிய ஒரு வீடு. அப்பா அம்மா இல்லை. இரண்டரை வருடமாக ஜமுனாமரத்தூரில் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். அவர்கள் நல்லவர்கள். நடந்ததில் அவர்களுக்குப் பங்கில்லை என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

வேலை இதுதான். மலையில் செல்போன் சிக்னல் எட்டாத வீடுகளில் நோயாளிகள் இருக்கிறார்கள். நெஞ்சு வலிக்காரர்கள், இழுப்புக்காரர்கள், மாதம் நெருங்கிய பெண்கள். அப்படி இருபத்திரண்டு வீட்டுக்கு ஆளுக்கொரு பெட்டி கொடுத்திருக்கிறோம். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். நடுவில் ஒரு பட்டன். அழுத்தினால் சிவப்பு விளக்கு மினுக்கும், செய்தி ரேடியோவில் என் அறைக்கு வரும். அறையில் இருக்கிற தலைமைப் போர்டு அதை வாங்கி, கீழே ஜீப் ஷெட்டில் ஹார்ன் அடிக்கும். கூடவே அந்த வீட்டுப் பெட்டிக்கும் பதில் அனுப்பும். பதில் போனதும் அங்கே சிவப்பு பச்சையாக மாறும். ஜீப்பில் ஆக்சிஜன் உண்டு. டிரைவர் குணசீலன் பகலெல்லாம் ஷெட்டிலேயே இருப்பார். அவர் எங்கள் நிறுவனத்தின் பழைய ஆள், நல்ல கைக்காரர்.

பெட்டி ஒவ்வொன்றும் தினமும் காலை ஆறு மணிக்கு, 'நான் வேலை செய்கிறேன்' என்று தானாக ஒரு செய்தி அனுப்பும். இரண்டு நாள் தொடர்ந்து வரவில்லையென்றால் நான் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மூடியைக் கழற்றி, போர்டில் இருக்கிற நாலு ஊசியில் நாலு ஒயரை மாட்டி, கட்டைவிரல் அளவு புரோகிராமர் கருவி ஒன்றின் வழியாக லேப்டாப்போடு இணைத்துவிட்டால், சிப்புக்குள் இருப்பதையெல்லாம் படிக்கலாம். பழைய நிரலை, அதாவது புரோகிராமை, அழித்துப் புதிதாகவும் எழுதலாம். பிடித்த வேலை அது. மனிதர்களுக்கு அப்படி நாலு ஊசி கிடையாது.

மற்ற நேரம் அறையில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்று முழுக்க நான் பேசியது என்னவென்று யோசித்துப் பார்த்தேன். 'ஒரு டீ', 'சக்கரை கம்மியா' என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. எனக்குத் தனியாக இருப்பது பிடிக்கவில்லை. பலர் பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை.

ஏழாம் நம்பர் வீடு கெங்கம்மாள் அக்காவுடையது. ஜீப்பில் இருபது நிமிடம். ஐம்பத்திரண்டு வயது, கணவர் இல்லை. ஒரே மகன் பிரகாஷ் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அக்கா தனியாகவே சாமை விதைத்து, புளி எடுத்து, யாரையும் எதிர்பார்க்காமல் இருந்தவர். ஆனால் இழுப்பு வந்தால் வாயில் அடித்துக்கொள்கிற மருந்து சில நாள் போதாது. அதனால் பெட்டி.

முதல் தடவை போனபோது பலாமரத்தடியில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு உட்காரச் சொன்னார். போர்டைக் கழற்றி ஒயர் மாட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"இந்த நாலு ஒயருல எது தம்பி பேசுது?" என்று கேட்டார்.

ஒன்று கரண்ட், ஒன்று பூமி, ஒன்று தாளம் போடும், ஒன்றுதான் பேசும் என்றேன். அவர் சிரித்தார். "எங்க வூட்டுக் கல்யாணத்துலயும் அப்டித்தான். பேசறது ஒருத்தரு, மத்தவங்கல்லாம் சும்மா நிப்பாங்க."

இரண்டரை வருடத்தில் என் வேலையைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்ட ஒரே ஆள் அவர். அன்று கிளம்பும்போது, எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். அவரே காரணமும் சொன்னார்.

"தப்பா நெனச்சிக்காத. தனியா கீற பொம்பள வூட்டுக்குக் கல்யாணம் ஆவாத ஆம்பள வந்து போனா, ஊர்ல ஒண்ணுக்கு ரெண்டாப் பேசுவாங்க."

நியாயமான பேச்சு. எனவே ஆகிவிட்டது என்றேன். மனைவி பெயர் அருணா, கணியம்பாடியில் இருக்கிறாள் என்றேன். அவசரத்தில் சொந்த ஊரையே சொல்லிவிட்டேன். வேறு ஊர் சொல்லியிருக்கலாம்.

பொய் என்று சொல்லாதீர்கள். அவருடைய நல்ல பெயருக்காகச் சொன்னது.

அதற்குப் பிறகு பெட்டி பழுதாகவே இல்லை. நன்றாகச் செய்த பெட்டி, நானே செய்தது. இரண்டு மாதம் காத்திருந்தேன். பிறகு வழக்கமான சோதனை என்று சொல்லிக்கொண்டு போய், ஏழாம் நம்பருக்கு மட்டும் நிரலைக் கொஞ்சம் மாற்றி எழுதினேன். ஒன்பது நாள் ஒழுங்காகக் காலைச் செய்தி அனுப்பும். அடுத்த இரண்டு நாள் அனுப்பாது. பட்டனை நான் தொடவில்லை. பட்டன் எப்போது அழுத்தினாலும் வேலை செய்யும். காலைச் செய்தி மட்டும்தான். இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. பதினோரு நாளைக்கு ஒருமுறை, விதிப்படி, நான் அந்த வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

"இன்னா தம்பி, இந்தப் பொட்டி புதுப் பொண்ணு மாரி அப்பப்ப மூஞ்சத் தூக்கி வெச்சிக்குது?" என்பார். கோபம் கிடையாது. அடுப்பில் சாமைச் சோறு இருக்கும். நான் ஒயரை மாட்டி, ஒன்றும் செய்யாமல் அரைமணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் புளியை உடைத்துக் கொட்டை எடுத்தபடி பேசிக்கொண்டிருப்பார். நான் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

கிளம்பும்போது அருணாவுக்கு என்று ஏதாவது கொடுத்து அனுப்புவார். பலாச்சுளை, தேன், வறுத்த வேர்க்கடலை. அறைக்கு வந்து அருணாவின் பங்கையும் நானே சாப்பிடுவேன். அடுத்த முறை, அவளுக்குத் தேன் பிடித்திருந்தது, பலா கொஞ்சம் வயிற்றைப் பிடித்தது என்று சொல்வேன். அக்கா அவளுக்குச் சீரகத்தண்ணி சொல்லி அனுப்புவார். அதையும் குடித்தேன்.

ஒரு வருடம் ஆனதும் விசேஷம் ஒன்றும் இல்லையா என்று கேட்க ஆரம்பித்தார். நாலு முறை இல்லை என்றேன். ஐந்தாம் முறை அவர் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் என்றேன். பெண் குழந்தை தை மாதம் பிறந்தது. இளவரசி என்று பெயர் வைத்தோம். அக்கா அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த மாதம் முழுக்க நான் டீக்கடையில்கூடச் சிரித்த முகமாக இருந்தேன். குணசீலன் என்ன விஷயம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

இப்போது மார்ச் மாதத்துக்கு வருகிறேன். புளி அடிக்கிற காலம். அந்தத் தூசி அக்காவுக்கு ஆகாது. இழுப்பு அடிக்கடி வந்தது. அம்மாவை வேலூரில் பெரிய டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்று பிரகாஷ் முடிவு செய்திருந்தான். நான் புதன்கிழமை போனபோது அக்கா வாசலில் நின்றபடியே சொன்னார்.

"திங்கக்கெழம பிரகாஷு வரான். வேலூருக்குப் போறோம். கணியம்பாடி போற வழிதானாமே. எறங்கி, அருணாவையும் கொழந்தையையும் பாத்துட்டுத்தான் போவேன். நீயும் கூட வந்துடு தம்பி. வூட்டக் காட்டு."

அருணா அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். எந்த ஊர் என்று கேட்டார். செங்கம் என்றேன். "அப்ப வர்றப்ப செங்கம் வழியா வர்றோம். எத்தினி நேரம் ஆயிடப் போவுது?" என்றார். வீட்டுக்குள் போய் ஒரு சின்ன வளையலைக் கொண்டுவந்து காட்டினார். வசம்பைத் துண்டு துண்டாக நறுக்கிக் கறுப்புக் கயிற்றில் கோத்தது. பிள்ளைக்குக் கையில் போட. அவரே கோத்திருந்தார். "இத நானே கையில போட்டு வுடணும்" என்றார்.

அன்று திரும்பும்போது, திங்கட்கிழமைக்குள் ஏதாவது ஒரு வழி பிறக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இதைத்தான் நினைத்தேன். இதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை.

சனிக்கிழமை காலை தலைமைப் போர்டை லேப்டாப்போடு இணைத்தேன். அதற்கு முறையான காரணம் இருந்தது. அந்த வாரம் இரண்டு தடவை யாரும் அழுத்தாமலே ஹார்ன் அடித்தது. குணசீலன் ஜீப்பை எடுத்துக்கொண்டு வீணாகப் போய்த் திரும்பினார். "இன்னா வெற்றி, உன் மெஷினு என்ன வெச்சி வெளாட்டுக் காட்டுதா?" என்று சிடுசிடுத்தார். அந்தப் பொய்ச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அதற்கு ஒரு வழி உண்டு. நிரலில் ஒரு குறிப்பிட்ட வரியில் தடை வைப்போம். பிரேக்பாயிண்ட் என்போம். சிப் ஓடிக்கொண்டே வந்து, அந்த வரியைத் தொட்டதும் அப்படியே நின்றுவிடும். அந்த நொடியில் உள்ளே என்ன இருக்கிறது என்று லேப்டாப்பில் பார்க்கலாம். பார்த்து முடித்ததும் ஒரு விசையைத் தட்டினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். நான் தடை வைத்தது, அழைப்பு வந்துவிட்டது என்று முடிவாகி, ஹார்ன் அடிப்பதற்கு முந்தைய வரியில். சரியான இடம். வேறு யாராக இருந்தாலும் அங்கேதான் வைப்பார்கள்.

தலைமைப் போர்டை இப்படி நிறுத்தும்போது மாற்றுப் போர்டு ஒன்றை ஓடவிட வேண்டும், டிரைவரிடமும் சொல்ல வேண்டும் என்பது விதி. நானே எழுதி அறைக் கதவில் ஒட்டிய விதி. மாற்றுப் போர்டு மேசையில்தான் இருந்தது. அதில் நிரல் ஏற்ற ஐந்து நிமிடம் ஆகும். ஏற்றவில்லை. குணசீலன் கீழே ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடமும் சொல்லவில்லை.

பதினொன்று ஏழுக்கு சிப் நின்றது. திரையில் வீடு எண் 7 என்று இருந்தது. பக்கத்தில், எத்தனை அழைப்பு என்ற இடத்தில் 1 என்று இருந்தது.

பொய்ச் சத்தமா, உண்மையான அழைப்பா என்று பார்க்க எனக்கு அரை நிமிடம் ஆனது. பெட்டியின் அடையாள எண் சரியாக இருந்தது. பேட்டரி அளவு சரியாக இருந்தது. உண்மையான அழைப்பு.

நான் விசையைத் தட்டவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கை மடியில் இருந்தது. ஜன்னல் வழியாகக் குணசீலன் பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. அக்கா சும்மா அழுத்தியிருக்கலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமைப் பயணத்தைப் பற்றி ஏதாவது சொல்லத் தோன்றியிருக்கலாம். பட்டனில் கை தெரியாமல் பட்டிருக்கலாம். உண்மையிலேயே நான் வேண்டுமென்றால் இன்னொரு தடவை அழுத்துவார், 1 என்பது 2 ஆகும், ஆனதும் விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். அது ஒரு நியாயமான ஏற்பாடாகத் தெரிந்தது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண் மாறவில்லை. பத்து நிமிடம் ஆனது. கால்மணி ஆனது. ஒரே தடவை கூப்பிட்டுவிட்டு விட்டுவிட்டாரே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

பதினொன்று நாற்பத்தெட்டுக்கு விசையைத் தட்டினேன். கீழே ஹார்ன் அடித்தது. குணசீலனுக்கு முன்னால் ஓடிப்போய் நான்தான் ஜீப்பில் ஏறினேன்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் புளி உலுக்கப் போயிருந்தார்கள். அக்கா கதவுக்கு உள்பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மருந்துக் குப்பி பக்கத்தில் காலியாகக் கிடந்தது. பெட்டி கையில் இருந்தது. நாங்கள் போனபோது அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குணசீலன் ஆக்சிஜனை வைத்துப் பார்த்தார், நாடி பிடித்துப் பார்த்தார். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"ஹார்ன் அடிச்ச ஒடனே கெளம்பிட்டோமே வெற்றி. இதுக்கு மேல இன்னா பண்ண முடியும்?" என்றார்.

ஒன்றும் பண்ண முடியாது என்றேன்.

டாக்டர் இழுப்பு என்று எழுதினார். யாரும் எதையும் சந்தேகப்படவில்லை. பிரகாஷ் ஞாயிற்றுக்கிழமை வந்தான். காரியங்கள் முடிந்ததும் என்னிடம் வந்து அந்த வசம்பு வளையலைக் கொடுத்தான்.

"அம்மா உங்க பாப்பாவுக்குச் செஞ்சி வெச்சிருந்தாங்கண்ணா. என்னப் பத்திப் பேசனத வுட உங்களப் பத்திதான் ஜாஸ்தி பேசுவாங்க. பாப்பாக்குப் போட்டுடுங்க."

போடுகிறேன் என்றேன். பெட்டியைக் கணக்கில் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். அவன் என் தோளைத் தொட்டு, ரொம்ப நன்றிங்கண்ணா என்றான்.

அறைக்கு வந்து பெட்டியின் மூடியைக் கழற்றி நாலு ஒயரையும் மாட்டினேன். ஒவ்வொரு முறை பட்டன் அழுத்தப்படும்போதும் அந்த நேரத்தைப் பெட்டி தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். கரண்ட் போனாலும் அழியாத நினைவகம், ஃபிளாஷ் என்போம். அதைப் படித்தேன்.

முதல் அழுத்தல் பதினொன்று ஏழு. இரண்டாவது பதினொன்று ஏழேதான், இருபது நொடி தள்ளி. மூன்றாவது பதினொன்று எட்டு. இப்படியே பதினொன்று முப்பத்தொன்று வரை போகிறது. கடைசி அழுத்தல் மட்டும் மற்றவை போல இல்லை. பட்டனிலிருந்து விரலை எடுக்க நாற்பது நொடி ஆகியிருக்கிறது. மொத்தம் பத்தொன்பது.

பச்சை விளக்கு வந்தால் நான் வருகிறேன் என்று அர்த்தம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். தலைமைப் போர்டு நின்றிருந்தால் பதில் போகாது, பச்சை வராது. அவர் பச்சையைத்தான் எதிர்பார்த்து அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஒன்றைத் திருத்திச் சொல்ல வேண்டும் மேடம். 1 என்பது 2 ஆவதற்காகக் காத்திருந்தேன் என்று கொஞ்சம் முன்னால் சொன்னேன். நிறுத்தி வைத்த சிப் எதையும் எண்ணாது. நூறு தடவை அழுத்தினாலும் திரையில் 1 என்றுதான் இருக்கும். இது டிப்ளமாவில் முதல் வருடப் பாடம். நான் அதைப் பல பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எனவே அந்த நாற்பத்தொரு நிமிடமும் எண் மாறாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை அவர் கணியம்பாடியில் இறங்கக்கூடாது. பூட்டிய வீட்டைப் பார்த்து என்னைத் திரும்பிப் பார்க்கிற அந்தப் பார்வையை நான் பார்க்கக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. டாக்டர் எழுதியதை மாற்றி எழுதுங்கள். கெங்கம்மாளைக் கொன்றது நான்.

ஏன் பெட்டியை அழிக்கவில்லை என்று கேட்பீர்கள். அழிப்பது சுலபம். ஒரே ஒரு கட்டளை. புதுப் பெட்டி போல ஆகிவிடும். இரண்டு நாள் அந்தக் கட்டளையைத் திரையில் அடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை வரவில்லை. வழக்கெல்லாம் முடிந்தபிறகு அதை எனக்கே திருப்பித் தர வழி இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். பத்தொன்பது வரிகள் இருக்கின்றன மேடம். என் வாழ்க்கையில் யாரும் என்னை இத்தனை தடவை கூப்பிட்டதில்லை.